குளிரறையில் வாசித்தவர்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு நாலு வரை எண்ணத் தெரிந்தால் போதும் என்று எங்கள் பேண்டில் என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அந்த நாலை நான் இதுவரை தப்பாக எண்ணியதில்லை. அதனால் இதில் வருகிற மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது. ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2.10க்கும் மாலை 5.38க்கும் நடுவில்.

எங்களுடையது ஃபங்க் பேண்ட். அந்த இசையைக் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், மனுஷனை நாற்காலியில் உட்காரவிடாத தாளம். பாடுகிறவர்கள், கிட்டார்காரர்கள் எல்லாம் முன்னால் நின்று கைதட்டு வாங்குவார்கள். பின்னால் நின்று வண்டி இழுப்பது, கனத்த அடிச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான். இதில் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவதுதான் கஷ்டம். டும்… டும்டும்… என்று போய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த வெற்று இடத்தில்தான் கேட்கிறவனின் கால் தானாக ஆடும். எனக்கு வந்த வினையும் அந்த வெற்று இடங்களில்தான் வந்தது.

பேண்டை ஆரம்பித்தவர் கிட்டார் வாசிக்கும் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். பத்தொன்பது வருஷமாக நானும் அவரும்தான் இடத்தைவிட்டு அசையாமல் இருக்கிறோம். பேஸ்காரர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்று பேர். மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். மூன்று பேருமே திடுதிப்பென்று விலகினார்கள். முதல் ஆளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இரண்டாவது ஆள் முதுகுவலி என்றார். மூன்றாவது ஆள் எதுவுமே சொல்லவில்லை, ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான். நாங்களும் துருவித் துருவிக் கேட்கவில்லை. பேஸ்காரர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

நாலாவதாக வரவிருந்தவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. வயது இருபத்துநாலு. அப்பா அம்மா போன பிறகு பதினொரு வயதிலிருந்து அவனை வளர்த்தவள் என் மனைவிதான். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். பேண்டில் சேர வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றபோது அவள் அரை மனதோடுதான் சம்மதித்தாள். அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உங்களை நம்பித்தான் அனுப்புறேன். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்."

நான் சிரித்தேன். பேஸ் வாசித்து யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றேன்.

எங்கள் இடம் ஒரு கடைக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. முன்பு அது ஐஸ்கிரீம் கிடங்கு. பெரிய கூடம் ஒன்று, அதன் மூலையில் பழைய குளிரறை. எட்டடிக்கு எட்டடி. ஜன்னல் இல்லை. ஒரு சாண் கனத்துக்குக் கதவு. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பேஸ்காரரை அதற்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவோம்.

அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்க முன்பு ஒரு குமிழ் இருந்தது. பேஸில் அடிமட்டத் தந்தியைத் தட்டும்போதெல்லாம் அது கிர்ர்… கிர்ர்… என்று அதிர்ந்து ரெக்கார்டிங்கைக் கெடுத்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கழற்றி ஓட்டையை அடைத்தவன் நான்தான். நான் பகலில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே உள்ளிருந்து திறக்க முடியாத கதவு ஒன்றைச் செய்து வைத்தேன்.

அறைக்கு மூன்று விதிகள். பேஸ் தந்தியில் ஃபோன் கரகரக்கும், அதனால் ஃபோன் உள்ளே போகக்கூடாது. கதவு மூடினால் அண்ணன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிடுவார், ஒத்திகையாக இருந்தாலும் சரி. ரெக்கார்டிங் ஓடினால் கதவுக்கு மேல் உள்ளேயும் வெளியேயும் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால், தலையே போனாலும் யாரும் கதவைத் திறக்கக்கூடாது.

இன்னொன்று. அண்ணன் பேஸை நேராக மெஷினில் சொருகமாட்டார். பேஸின் சத்தம் வெளியே வரும் ஆம்ப் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைப்பார். அப்போதுதான் அறையின் சத்தமும் சேர்ந்து வரும் என்பார். வந்தது.

அடுத்த வருஷம் பேண்டுக்கு இருபது வயது. எங்கள் முதல் பாட்டை மூன்று பேஸ்காரர்களும் அவரவர் காலத்தில் அந்தக் குளிரறையில் வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். என் மச்சானையும் வாசிக்கவைத்து நாலையும் ஒன்றாக வெளியிடலாம் என்று அண்ணன் திட்டம் போட்டார். யார் எங்கே எப்படி வேறுபடுகிறார்கள் என்று ஆல்பத்தின் அட்டையில் அச்சடிக்க இரண்டு பக்கம் எழுத வேண்டும். பேஸ்காரரோடு ஒட்டி உட்கார்ந்தவன் டிரம்ஸ்காரன்தான், நீயே எழுது என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாடியில் யாரோ கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். துளை போடும் மெஷின் காதைப் பிய்த்தது. அமைதியாகக் கேட்க வேண்டுமென்றால் குளிரறைதான் கதி. ஹெட்ஃபோன், நோட்டு, பென்சிலோடு உள்ளே போனேன். ஃபோனை வெளியே மேஜையில் வைத்தேன். பேஸ் மட்டும் தனியாக வரும்படி மூன்று பதிவுகளையும் வரிசையாகப் போட்டு, ஆறு சுற்று ஓடும்படி வைத்துவிட்டு, மகளை வகுப்பிலிருந்து கூட்டி வரப் புறப்பட்டார் அண்ணன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். கதவைச் சாத்தினார். கை பழக்கத்தில் ரெக்கார்டிங்கையும் தட்டிவிட்டார். எனக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

கைக்கடிகாரம் பார்த்தேன். 2.10.

2.12க்கு ஆரம்பித்த முதல் சுற்று சுகமாகப் போனது. ஒவ்வொரு பதிவும் நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி, நடுவில் ஐந்து நொடி அமைதி. முதலில் உருண்டை, வெளிநாடு போன முதல் ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர். ஆளும் அப்படி, வாசிப்பும் அப்படி. தாளம் வந்து உட்கார்ந்த பிறகு இவன் ஆடி அசைந்து வந்து பக்கத்தில் உட்காருவான். அவசரமே கிடையாது. குண்டு குண்டாக நாலே ஸ்வரம், ஆனால் நாலும் வயிற்றில் விழும். அடுத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர், பேஸையும் கணக்காகத்தான் வாசித்தார். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல் இருக்கும். தப்பே வராது. அதுதான் அவரிடம் உள்ள ஒரே தப்பு. கடைசியாக நெட்டை. அவன் பேஸைக் கட்டைவிரலால் அறைவான். முதல் தட்டுக்கு மயிரிழை முந்தி வந்து விழுவான். அவனோடு வாசிப்பதும் பிரேக் இல்லாத சைக்கிளில் பின்னால் உட்காருவதும் ஒன்றுதான். மூன்று பேரில் அவன்தான் கெட்டிக்காரன் என்று நோட்டில் எழுதினேன்.

மூன்று பேருக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. பாட்டில் 3 நிமிடம் 10 நொடியில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்தும் ஒரு நீண்ட இடைவெளி வரும். அது முடிந்த பிறகு மூவருமே கொஞ்சம் வேகமெடுத்தார்கள். வாத்தியார்கூட. "கடைசிப் பகுதியில் உற்சாகம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

2.27க்கு இரண்டாவது சுற்று. இப்போது காது பழகிவிட்டதால் சில்லறைச் சத்தங்களும் கேட்டன. அந்த மைக் எதையும் விடாது. உருண்டைக்கு எப்போதும் மூக்கடைப்பு, இடைவெளியில் புஸ்… என்று மூச்சு விடுவான். கேட்டுச் சிரித்துவிட்டேன்.

3 நிமிடம் 10 நொடி. பேஸ் நின்றது. புஸ்…

பிறகு இன்னொரு மூச்சு. ஹாஆ…

அது உருண்டையின் மூச்சில்லை. மூக்கடைப்பு இல்லை. வாயைத் திறந்து, நிதானமாக, நீளமாக விட்ட மூச்சு. மைக்கிலிருந்து தூரத்தில், எதிர்ச் சுவர் பக்கம்.

ரெக்கார்டிங் ஓடும்போது பேஸ்காரரைத் தவிர அந்த அறையில் யாரும் இருப்பதில்லை. கதவு சரியாக மூடவில்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வாத்தியார். அவர் வாசிக்கும்போது உதட்டுக்குள் எண்ணுவார். இடைவெளி வந்தது. "ஒண்ணு… ரெண்டு…" என்று கிசுகிசுப்பாகக் கேட்டது. மூன்றை அவர் எண்ணவில்லை. அந்த இடத்தில் அதே ஹாஆ… வந்தது. இப்போது பாதித் தூரத்தில். ஆறு வருஷம் கழித்து வேறு ஒருவர் வாசித்த பதிவில் அதே மூச்சு!

நெட்டையின் பதிவில் அதற்குத் தூரமே இல்லை. நெட்டை பல்லிடுக்கில் காற்றை இழுப்பான், ஸ்ஸ்… அதே இடத்திலிருந்து, அதே அளவில், ஹாஆ… ஒருவர் தோளில் இன்னொருவர் மோவாயை வைத்திருந்தால்தான் அப்படிப் பதிவாகும்.

நோட்டைப் பார்த்தேன். "உற்சாகம்" என்று எழுதியிருந்தது. அது உற்சாகமில்லை. மூன்று பேரும் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே ஓடப் பார்த்திருக்கிறார்கள்.

2.42. போதும் என்று ஹெட்ஃபோனைக் கழற்றினேன். எழுந்து கதவைத் தள்ளினேன்.

கதவு அசையவில்லை. அசையாது என்று எனக்குத்தானே தெரியும்.

முதலில் பயமில்லை, எரிச்சல்தான். அண்ணன் மூன்றரைக்குள் வந்துவிடுவார். லிஃப்டில் மாட்டியவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். உட்காருங்க. குதிக்காதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு. இருபது வருஷமாக எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பவனுக்கு இதெல்லாம் எந்த ஆறுதலும் தராது என்று அன்றுதான் தெரிந்தது.

கதவைத் தட்டினேன். கத்தினேன். வயர் போகும் ஓட்டையில் அடைத்திருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் போட்டு அதில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். மாடியில் துளை மெஷின்தான் பதில் சொன்னது. 3.05க்குத் தொண்டை கட்டிவிட்டது. யாராவது வந்தாலும் என்ன செய்வார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது. எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் விளக்கைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள்.

வியர்த்தது. குளிரறை என்று பெயர்தான். சட்டை முதுகோடு ஒட்டியது.

மைக்கில் பேசிப் பார்க்கலாம், வெளியே மேஜையிலுள்ள ஹெட்ஃபோனை யாராவது போட்டால் கேட்கும் என்று தோன்றியது. என் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டினேன். அதில் பதிவுகளோடு அறை மைக்கின் சத்தமும் வரும். "கதவைத் திறங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. உருண்டை, வாத்தியார், நெட்டை என்று சுற்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் 10 நொடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அண்ணன் வரவில்லை.

3.41. ஆறாவது சுற்று முடிந்தது. பதிவுகள் நின்றன.

ஹெட்ஃபோனில் இப்போது அறை மட்டும்தான்.

ஹாஆ…

என் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டேன். மைக் என் மூச்சைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நிச்சயப்படுத்திக்கொள்ள மூச்சை அடக்கினேன். ஒன்று… இரண்டு… மூன்று… பதினொன்று வரை எண்ணினேன்.

ஹாஆ…

ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழற்றினேன். வெறும் காதில் ஒரு சத்தமும் இல்லை. அறையில் நான், ஒரு ஸ்டூல், ஆம்ப் பெட்டி, மைக், முதுகுக்குப் பின்னால் ஸ்டாண்டில் பேண்டின் பேஸ். வேறு எதுவும் இல்லை. மறுபடி மாட்டினேன். ஹாஆ… கொஞ்சம் கிட்டே.

கழற்றினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாட்டினால் தெரியும். எது மேல் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வெட்கமில்லை, அழுதேன்.

3.58. இரண்டு கைகளாலும் தொடையில் தட்ட ஆரம்பித்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு? எங்கள் முதல் பாட்டின் தாளம். டப்… டப டப்…

மூச்சு நின்றது.

நான் நிறுத்தினேன். ஹாஆ… ஒரு எட்டு முன்னால்.

தட்டினேன். நின்றது.

புரிந்துவிட்டது. தட்டிக்கொண்டே இருந்தால் அது இருந்த இடத்தில் இருக்கும். நிறுத்தினால் வரும். இடைவெளியே விடாமல் தட்டினேன். தாளத்தில் எங்கெல்லாம் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் நிற்காமல் தட்டினேன். உள்ளங்கை எரிந்தது. தொடை மரத்தது. நிறுத்தவில்லை.

4.20.

டும்.

முதுகுக்குப் பின்னால்.

டும்… டும்டும்…

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அது எங்கள் பாட்டைத்தான் வாசித்தது. உருண்டையின் கனம் இருந்தது. வாத்தியாரின் கணக்கு இருந்தது. நெட்டையின் கட்டைவிரலும் இருந்தது. மூன்று பேர் பக்கத்திலும் நின்று கற்றுக்கொண்ட வாசிப்பு. முதல் தட்டில் என் கையும் அதன் தந்தியும் ஒன்றாக விழுந்தன. பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னோடு அப்படி விழுந்ததில்லை.

சொல்ல நாக்கூசுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

அதுதான் பொறி. அது இடைவெளி விட்டு வாசித்தது. நான் இடைவெளி விடாமல் தட்டினால் பாட்டு கெட்டது. கை தானாகவே அதன் வழிக்குப் போய்விட்டது. அது நிற்கும் இடத்தில் நானும் நின்றேன்.

ஒவ்வொரு இடைவெளியிலும், ஹாஆ…

பாட்டு முடிந்தது. ஐந்து நொடி. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி முடிந்தது. பதினைந்து முறை. நான் எண்ணினேன். எண்ணுவதுதான் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் முறை, ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில்.

ஒன்பதாம் முறை, ஸ்டூலுக்குப் பின்னால்.

பன்னிரண்டாம் முறை, ஹெட்ஃபோனில் மட்டுமில்லை. பிடரியில் பட்டது.

பதினாறாம் முறை… 3 நிமிடம் 10 நொடி… இடது காது…

இந்தத் தடவை அது மூச்சை விடவில்லை.

இழுத்தது.

பேசப் போகிறவன் இழுப்பானே, அப்படி.

கதவு திறந்தது. 5.38.

என் மச்சான் நின்றிருந்தான். கையில் என் ஃபோன். நான் அவன் மேலேயே விழுந்தேன். என்னைக் கூடத்துக்கு இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அண்ணனுடைய வண்டி பாதி வழியில் நின்றுவிட்டதாம். எனக்கு ஒன்பது முறை ஃபோன் செய்திருக்கிறார். சத்தம் போடாமல் கிடந்த ஃபோன் மேஜையில் மினுங்குவதைக் கடைசியில்தான் மச்சான் கவனித்து எடுத்திருக்கிறான். உன் மாமா தனியாகத்தானே உள்ளே இருக்கிறார், யாரை ரெக்கார்ட் செய்கிறாய் என்று அண்ணன் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்திருக்கிறான்.

அவன் வந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலரைக்கு என்றான். விளக்கு எரிந்தது, அதனால் உட்கார்ந்து மேஜை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றான். பிறகு என் தோளுக்கு மேலாகக் குளிரறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மாமா, உள்ள வாசிச்சது யாரு?"

யாருமில்லை. பேஸ் ஸ்டாண்டில் இருந்தது. அதன் வயர் சுருட்டி ஆணியில் தொங்கியது. ஆம்ப் அணைந்திருந்தது.

அன்று இரவே வீட்டில் மச்சானை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறைக்குள் போகாதே என்றேன். அண்ணனிடமும் சொன்னேன். அவர் பதிவைப் போட்டுக் கேட்டார். என் தொடைத் தட்டல் இருந்தது. என் அழுகை இருந்தது. பேஸும் இருந்தது. அண்ணன் மிரளவில்லை. அவர் முகம் மலர்ந்தது. யாரோ ஒரு பேஸ்காரரை ஒளித்து வைத்துக்கொண்டு நான் நாடகமாடுகிறேன் என்றார். இவன் மூன்று பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான், நம்பரைக் கொடு என்று என்னை நச்சரித்தார். மூச்சு? பழைய மைக், அப்படித்தான் என்றார்.

மச்சான் அந்தப் பதிவைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டான். ஸ்வரம் ஸ்வரமாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

கட்டிடத்தின் கதையைத் தோண்டிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை பார்த்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். அங்கே யாரும் சாகவில்லை, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, ஒரு சண்டைகூட நடந்ததில்லை. ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை வாத்தியாருக்கு ஃபோன் செய்தேன். ஆறு வருஷமாகப் பேசியதில்லை. முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அறையை மூடிவிட்டீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன்.

"கடைசியா வாசிச்சப்போ எனக்குத் தோள் வரைக்கும் வந்துச்சு. அதோட ஓடி வந்துட்டேன். இப்ப யாரு வாசிக்கிறது?"

என் மச்சான் என்றேன்.

"அவன்கிட்ட அதைப் பேச விட்டுடாதீங்க. அது எதையோ கேக்க வருது."

ஃபோனை வைத்தேன். மச்சானைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். என்னிடம் சொன்னால் தடுப்பேன் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்று காலையே ரெக்கார்டிங்கை வைத்துக்கொண்டார்களாம். இப்போதுதான் கதவைச் சாத்தினேன், டீ குடிக்க வெளியே வந்தேன் என்றார் அண்ணன். ஒரு லிஃப்டைப் பாதியில் திறந்து போட்டுவிட்டு ஓடினேன். 11.26க்கு அடித்தளத்தின் படியில் இறங்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக விதியை மீறிக் கதவை இழுத்துத் திறந்தேன்.

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மடியில் பேஸ். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரே டேக்கில் முடித்துவிட்டதாகச் சொன்னான். உள்ளே யாராவது பேசினார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். பயமாக இருந்ததா என்றேன். இல்லை என்றான். அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அண்ணன் வந்ததும் பதிவைக் கேட்டோம். நாலு பேரில் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. நான் மற்றதற்காகக் கேட்டேன். 3 நிமிடம் 10 நொடி வந்தது. பேஸ் நின்றது. ஒன்றுமில்லை. அந்த மூச்சு இல்லை. திரும்பப் போட்டேன். இல்லை. மூன்றாவது முறையும் இல்லை. அண்ணன் என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன்.

நாலாவது முறை போட்டபோதுதான் கவனித்தேன். விரல் தந்தியில் உரசுவது கேட்டது. சட்டைப் பொத்தான் மரத்தில் இடிப்பது கேட்டது. ஸ்டூல் முனகுவது கேட்டது. முழுப் பாட்டையும் இன்னொரு தடவை, இடைவெளி இடைவெளியாகக் கேட்டேன். மச்சானின் மூச்சும் அதில் இல்லை. நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் ஒரு தடவைகூட இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். நீ லீவு போட்டு ஓய்வெடு என்றார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. மச்சான் நன்றாகத்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், அக்காவோடு வம்பளக்கிறான். தினமும் வாசிக்கிறான். நான் அவனோடு வாசிக்கிறேன். முதல் தட்டில் இருவரும் ஒன்றாக விழுகிறோம்.

நேற்றுக் காலை என் மனைவி துணி மடித்துக்கொண்டே பேசினாள். தம்பியைப் பேண்டில் சேர்த்தது நல்லதாகப் போயிற்று என்றாள். பயந்ததெல்லாம் வீண் என்றாள். அவன் உடம்புகூடத் தேறிவிட்டதாம். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்து அவன் குறட்டையில சுவரே அதிரும்ல. மூணு வாரமா சத்தமே இல்ல. நேத்து தூங்குறப்போ பக்கத்துல போய் நின்னு பாத்தேன்… மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கல, அவ்வளவு நிம்மதியாத் தூங்குறான்."

அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன்.